திருவனந்தபுரத்தில் சாப்பாடு எப்படி என்று கேட்ட தம்பிக்கு

போன வாரம் சித்தி மகன் பெங்களூரிலிருந்து போன் பண்ணினான். திருவனந்தபுரத்துக்கு மாற்றல் வந்திருக்கிறதாம். வாடகை எவ்வளவு, ஆபீஸ் பக்கம் பஸ் உண்டா, ஒன்றும் கேட்கவில்லை. "அண்ணே, அங்க சாப்பாடு எப்படி? கொச்சி, கோழிக்கோடுன்னா சரி, டிரிவாண்ட்ரத்துல ஒண்ணும் இல்லேன்னு எல்லாவனும் சொல்லுகானே" என்றான்.

நான் நாகர்கோவில்காரன். 11 வருஷமாகச் சீசன் டிக்கெட் எடுத்து ரயிலில் போய் வந்து திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறேன். அதாவது மத்தியானச் சாப்பாடு கேரளத்தில், ராத்திரிச் சாப்பாடு தமிழ்நாட்டில், நடுவே 70 கிலோமீட்டருக்குள்தான். "நல்லாத்தான் இருக்கும், வா மக்கா" என்று சொல்லி போனை வைத்திருக்கலாம். ஆனால் அந்த "ஒண்ணும் இல்லே" மனதில் முள்ளாகக் கிடந்தது. அப்படிச் சொல்கிறவர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள்? சனி, ஞாயிறு வந்து பத்மநாபசாமி கோயில், கோவளம் பார்த்துவிட்டு, போனைத் திறந்து நாலரை நட்சத்திரத்துக்கு மேல் இருக்கிற மூன்று கடையில் சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறியிருப்பார்கள். நட்சத்திரக் கடைகள் எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதே மரப்பலகை, அதே மஞ்சள் விளக்கு, அதே இறால் ரோஸ்ட். பணம் போட்டு நல்ல சமையல்காரரைக் கொண்டுவந்தால் எந்த ஊரிலும் ஒரு நல்ல கடை திறந்துவிடலாம், அதில் அந்த ஊருக்கு என்ன பங்கு?

நான் பார்ப்பது மூன்றாவது கடையை. விளக்குகிறேன். நீங்கள் நிற்கிற தெருவில் எல்லோரும் போகச் சொல்கிற கடை ஒன்று இருக்கும். அங்கே இடமில்லாவிட்டால் போகிற இரண்டாவது கடை ஒன்று இருக்கும். அதுவும் பூட்டியிருக்கிற நாளில், மழை வேறு பெய்கிறது, பசி வேறு, சரி என்று பெயர்ப்பலகைகூடப் பார்க்காமல் நுழைவீர்களே, அந்தக் கடை. அங்கே இலையில் என்ன விழுகிறது என்பதுதான் அந்த ஊரின் நிஜத் தரம். மூன்றாவது கடைக்காரனுக்குப் பேர் கிடையாது, விளம்பரம் கிடையாது. பக்கத்து ஆபீஸ்காரனும் லோடிங் தொழிலாளியும் நாளைக்கும் வரவேண்டும் என்பது மட்டும்தான் அவன் கவலை. அவர்களுக்கு வீட்டில் என்ன ருசி பழக்கமோ அதற்குக் கீழே அவன் போக முடியாது.

திருவனந்தபுரத்தில் இந்த மூன்றாவது கடை நன்றாக இருக்கிறது. இதைத்தான் தம்பியிடம் சொல்ல நினைத்தேன், போனில் சொல்ல வரவில்லை.

செக்ரட்டேரியட்டுக்குப் பின்னால், வஞ்சியூர் கோர்ட் பக்கம், சாலை மார்க்கெட் சந்துகளில் என்று வீட்டின் முன்னறையையே கடையாக்கி மத்தியானம் மட்டும் ஊணு போடுகிற இடங்கள் எத்தனையோ இருக்கின்றன. உட்கார்ந்ததும் இளஞ்சிவப்பாக வெந்நீர் வைப்பார்கள், பதிமுகம் என்கிற மரச்சீவல் போட்டுக் கொதிக்கவைத்தது. முதல் தடவை பார்த்த என் நண்பன் ஒருவன் யாரோ குடித்துவிட்டு வைத்த சர்பத் என்று நினைத்துத் தள்ளி வைத்தான். அப்புறம் தடித்த அரிசிச் சோறு, ஒரு தோரன், அவியல், பீட்ரூட் கிச்சடி, பல கடைகளில் ஓரமாக ஒரு கரண்டி மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, மசித்தது. அதன்மேல் மீன்கறியின் சாறு. மீன் துண்டுக்குத்தான் தனிக்காசு, சாறு சும்மா. பொரித்த மீன் வேண்டாதவனும் மீன் மணத்தோடு சாப்பிட்டு எழுந்திருக்கலாம். பரிமாறுகிற சேச்சி "குறச்சு சோறு கூடெ?" என்று கேட்கிற கேள்விக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு இந்த 11 வருஷத்தில் தைரியம் வந்ததில்லை.

மரச்சீனி பற்றி ஒரு சின்ன விஷயம். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாதான் இந்தக் கிழங்கைப் பயிரிடச் சொல்லி ஊக்கம் கொடுத்தவர். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது இந்தப் பக்கத்து வயிறுகளைக் காப்பாற்றியது இதுதான். அப்போது எங்கள் நாகர்கோவிலும் அதே திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி எல்லை மாறியது, அடுப்பு மாறவில்லை. எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மரச்சீனிக்குச் சாளைக்கறிதான் ஜோடி. வடகேரளத்தான் மத்தி என்பான், திருவனந்தபுரத்தான் எங்களைப் போலவே சாளை என்பான்.

மீன் என்றதும் அடுத்த விஷயம். ஒரு கடை நேர்மையானதா என்று தெரிந்துகொள்ள ஜூலை மாசம் போய்ப் பாருங்கள். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை. எங்கள் மாவட்டத்தில் இது இன்னும் வேடிக்கை: சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, அதற்குத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, அதற்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். தடை இல்லாத நாட்டு வள்ளத்தில் போகிறவர்கள் கொண்டுவருகிற நெத்தோலியும் சாளையும் அயிலையும்தான் அப்போது புதுசாகக் கிடைப்பதில் பெரும்பங்கு. அந்த நாட்களில் "இன்னு மீன் எந்தொக்கெ உண்டு?" என்று கேட்டால், நல்ல கடைக்காரர் "நெத்தோலி மாத்ரம்" என்று முகத்தைச் சுளிக்காமல் சொல்வார். பன்னிரண்டு மாசமும் ஒரே மெனு அட்டையில் நெய்மீன், இறால், கணவாய் எல்லாம் இருக்கிறதென்று சொல்கிற கடையில் உங்கள் மீன் எங்கோ ஐஸ்பெட்டியில் தவம் கிடந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு இதில் பட்ட அனுபவம் உண்டு. இரண்டு வருஷம் முன்பு, ஜூலையில்தான், மேலதிகாரி ஒருவரை அழைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் 4.7 நட்சத்திரம் போட்ட ஒரு இடத்துக்குப் போனேன். நெய்மீன் "இன்னைக்குக் காலையில் வந்தது" என்றார்கள். வாழையிலையைப் பிரித்ததும் வந்த வாடையில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பில் 1,840 ரூபாய். மறுநாள் அவர் என்னோடு பேசவே இல்லை, வயிற்றாலா கோபத்தாலா என்று இன்றுவரை கேட்டுக்கொள்ளவில்லை.

மிஷெலின் என்று டயர் கம்பெனி ஒன்று 1926 முதல் ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்கள் பார்க்கிற விஷயங்களில் ஒன்று மட்டும் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ஒரு தடவை நன்றாக இருந்தால் போதாது, வேறு வேறு நாளிலும் அதே தரம் இருக்கவேண்டும். நம் ஆட்கள் ஒரே ஒரு தடவை போய், அதுவும் பிறந்தநாளுக்குப் போய், ஒன்றோ ஐந்தோ குத்திவிட்டு வருகிறார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டே முக்காலுக்குப் போ, அவியல் தீர்ந்து வெறும் சாம்பாரும் மோரும் இருக்கும்போது போ, அப்போது ஒரு முட்டையாவது பொரித்துக் கொடுக்கிறானா, "கழிஞ்ஞு", தீர்ந்துபோச்சு என்று கதவைச் சாத்துகிறானா பார். அதற்கு எந்த ஆப்பிலும் நட்சத்திரம் இல்லை.

சரி, தரம் ஆச்சு. விதவிதமாகக் கிடைக்குமா என்று கேட்டான் தம்பி. அங்கே இத்தாலியன் உண்டா, கொரியன் உண்டா என்கிற மாதிரி. உண்டு. கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் வந்து 35 வருஷத்துக்கு மேல் ஆகிறது, பையன்கள் எதைக் கேட்டாலும் யாராவது திறந்துவிடுவார்கள். ஆனால் எத்தனை நாட்டுப் பெயர் போர்டில் இருக்கிறது என்பதை எண்ணினால் ஏமாந்து போவோம். "மல்டி குசின்" என்று எழுதிய பெரும்பாலான கடைகளில் உள்ளே இருப்பது ஒரே அடுப்பு, ஒரே தக்காளி வெங்காய மசாலா. அதில் முந்திரி அரைத்து ஊற்றினால் வட இந்தியா, சோயா சாஸ் ஊற்றினால் சீனா.

எனக்கு விதம் என்பது யார் யார் அந்த ஊரில் வந்து தங்கியிருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் வீட்டுச் சாப்பாடு விலைக்குக் கிடைக்கிறது என்பது. அப்படிப் பார்த்தால் திருவனந்தபுரம் ஆச்சரியமான ஊர். மெடிக்கல் காலேஜ், குமாரபுரம் பக்கம் போனால் மாலத்தீவுக்காரர்களைப் பார்க்கலாம். சிகிச்சைக்கு வருகிறவர்கள், கூட வருகிறவர்கள், மாசக்கணக்கில் அறை எடுத்துத் தங்குகிறவர்கள். ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு ஒரு உறவுக்காரரைப் பார்க்கப் போனவன் அங்கே ஒரு சின்னக் கடையில் மாசூனி என்று ஒன்று சாப்பிட்டேன். சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சை சேர்த்துக் கையால் பிசைந்து, மெல்லிய ரொட்டியோடு கொடுக்கிறார்கள். பிசைந்தபின் அடுப்பில் வைப்பதே இல்லை. ஒரு வாய் வைத்ததும் எனக்குப் பாட்டியின் கருவாட்டுத் துவையல் ஞாபகம் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மாலத்தீவுப் பெரியவர் நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தவர், தலையை ஆட்டிச் சிரித்தார். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது. இந்தக் கடை எந்த "டாப் 10"-லும் வராது, ஆனால் கொச்சியிலோ கோழிக்கோட்டிலோ இதைத் தேடிப் பிடிப்பது கஷ்டம் என்றே நினைக்கிறேன்.

அதேபோல வங்காளம், அசாம், ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களுக்காக ஊர் ஓரங்களில் வங்காளி எழுத்தில் போர்டு வைத்த தகரக் கொட்டகைக் கடைகள். கோட்டைக்குள்ளும் கரமனையிலும் தலைமுறை தலைமுறையாக இருக்கிற தமிழ் ஐயர் வீடுகளால் பிழைத்த சைவச் சாப்பாடு, போளியும் பால் பாயசமும். போளியைப் பாயசத்தில் போட்டு ஊறவைத்துப் பிசைந்து சாப்பிடுகிற பழக்கத்தை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் வாயைக் கோணுவார்கள், ஒரு தடவை சாப்பிட்டபின் வாயைத் திறக்கமாட்டார்கள். சாலை மார்க்கெட் பக்கம் 1949 முதல் இருக்கிற ரஹ்மானியா, அதாவது கேதல்ஸ் கோழி. மெனு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, சின்னக் கோழியைப் பொரித்து, பொரித்த மசாலாத் தூளை மேலே தூவி, சப்பாத்தியோடு தருவது. ஒரே சாமானை 75 வருஷத்துக்கு மேலாகச் செய்துகொண்டு ஒரு கடை நிற்கிறது என்பதும் ஊரின் பெருமையில் சேர்த்தி என்று நான் நினைக்கிறேன். ஒவ்வொரு கடையும் அரபு இறைச்சிச் சோறு போடுகிற குழிமந்திக் கடையாக மாறிக்கொண்டிருக்கிற ஊரில் அது சின்ன விஷயமில்லை.

மந்தியைப் பற்றிக் கெட்டதாகச் சொல்லமாட்டேன். வளைகுடாவுக்குப் போனவன் திரும்பி வரும்போது ருசியையும் கொண்டுவருவான், நியாயம். ஆனால் கூடவே வந்த ஷவர்மாவும் மயோனைசும் செய்த அட்டகாசம் கொஞ்சமில்லை. பச்சை முட்டையில் அடித்த மயோனைசைக் கேரள அரசு 2023 ஜனவரியில் தடை பண்ணியது. தமிழ்நாடு 2025 ஏப்ரலில்தான் ஒரு வருஷத்துக்குத் தடை போட்டது. நடுவில் இருந்த இரண்டு வருஷமும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் குற்றம், இந்தப் பக்கம் ஸ்பெஷல்.

தம்பானூரில் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் எதிரே நிற்கிற இந்தியன் காபி ஹவுஸைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய அந்தச் செங்கல் நத்தைக்கூடு. சுற்றிச் சுற்றி ஏறுகிற சரிவில் மேசைகள், ஒவ்வொரு மேசையும் முந்தினதைவிடக் கொஞ்சம் உயரத்தில். தொழிலாளர்களே நடத்துகிற கூட்டுறவு அது, கேரளத்தில் முதலாவது 1958-இல் திருச்சூரில் தொடங்கியது. மசால் தோசைக்குள் பீட்ரூட் வைப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. 11 வருஷமாகப் பிடிக்கவில்லை, 11 வருஷமாகச் சாப்பிடுகிறேன், ஏன் என்று கேட்காதீர்கள்.

குறையைச் சொல்லாமல் விட்டால் திருவனந்தபுரத்துக்கு நான் ஏஜெண்ட் என்பான் தம்பி. காலை டிபன் அங்கே சுமார்தான். தோசை நன்றாக இருந்தால் சட்னி தண்ணீர், சட்னி நன்றாக இருந்தால் சாம்பாரில் வெண்டைக்காய் மிதக்கும். ஃபில்டர் காபி கேட்காதே, சாயா கேள். பரோட்டா பஞ்சு மாதிரி இருக்கும், ஆனால் எங்கள் ஊரில் வாளியோடு வந்து சால்னா ஊற்றுகிற தாராளம் அங்கே பல கடைகளில் கிடையாது, கறி தனி, காசு தனி. செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டரில் பரோட்டா தின்று பழகிய நாக்கு அங்கே கொஞ்சம் அழும். பிரியாணிக்குக் கோழிக்கோட்டையும் தலச்சேரியையும் பார்த்துப் பெருமூச்சு விடத்தான் வேண்டும், அதில் தம்பியின் நண்பர்கள் சொல்வது சரி.

ஆனால் எனக்கு உண்மையில் வருத்தம் எங்கள் ஊரின் மேல்தான். நாகர்கோவிலில் பிறந்தவன் ஒவ்வொருவனுக்கும் நாக்கில் தீயலும் புளிசேரியும் எரிசேரியும் இருக்கும். உளுந்தங்கஞ்சி, தெரளிக் கொழுக்கட்டை, முந்திரிக்கொத்து, ரசவடை. கல்யாணப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் பாயசம் விட்டு, அதில் பப்படத்தையும் மட்டிப்பழத்தையும் நொறுக்கிப் பிசைந்து, அப்புறம் ரசம், மோர் என்று மறுபடி தொடங்குகிற அழகு வேறு எங்கே உண்டு? அந்த மட்டிப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்துவிட்டது. இத்தனை இருந்தும், வெளியூரிலிருந்து வருகிறவன் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி "இந்த ஊர்ச் சாப்பாடு எங்கே கிடைக்கும்" என்று கேட்டால் எனக்கு முழிக்க வேண்டியிருக்கிறது. ரசவடை டீக்கடையில் கிடைக்கும், மீன் சாப்பாடு கிடைக்கும். தீயல்? கடையில் தீயல் நன்றாகச் சாப்பிட்ட ஞாபகம் எனக்கு இரண்டு தடவைதான். மற்றபடி போர்டு எல்லாம் செட்டிநாடு, திண்டுக்கல், ஆம்பூர்.

அம்மையிடம் இதைச் சொன்னால், "தேங்காயை மணிக்கணக்கா நின்னு வறுத்து யாரு கடையில விப்பா? காசு கொடுத்துத் தீயல் திங்க உனக்குத்தான் கிறுக்கு" என்பாள். அவள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. எங்கள் ஊரில் கடையில் சாப்பிடுவது என்பது வீட்டில் கிடைக்காததைச் சாப்பிடுவது. பரோட்டா, பிரியாணி, நூடுல்ஸ். வீட்டில் நன்றாகச் சமைக்கிற ஊரில் வீட்டுச் சாப்பாட்டை யார் விற்பார்கள்? திருவனந்தபுரத்திலோ தினமும் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்குகிற குமாஸ்தாக்கள், வக்கீல்கள், மனு எழுதிக்கொண்டு செக்ரட்டேரியட் வாசலில் நிற்கிறவர்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள், ஹாஸ்டல் பிள்ளைகள், என்னைப் போன்ற சீசன் டிக்கெட்டுகள். மத்தியானம் வீட்டுக்குப் போக முடியாத ஒரு ஜனமே அங்கே இருக்கிறது. அதனால் வீட்டுச் சாப்பாடு கடைக்கு வந்தே ஆகவேண்டியிருக்கிறது. நான் புளிசேரி ஊற்றி வயிறாரச் சாப்பிடுவது வாரத்தில் ஐந்து நாள் கேரளத்தில், ஞாயிறு மட்டும் வீட்டில்.

தம்பி நேற்று மறுபடி போன் பண்ணினான். ஒன்றாம் தேதி வருகிறானாம். முதல் நாள் மத்தியானம் எங்கே சாப்பிடலாம், நல்ல கடையாகச் சொல்லு, டேபிள் புக் பண்ணிவிடுகிறேன் என்றான்.

"புக் பண்ணவெல்லாம் முடியாதுலே. ஒன்றரை மணிக்கு வஞ்சியூர் கோர்ட் வாசல்ல நில்லு. நான் பழக்கமா போற கடை பூட்டிக் கிடந்தாத்தான் உனக்கு யோகம்" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. ரேட்டிங் எவ்வளவு என்று கேட்டான்.